இருபதாவது மெத்தை

மாமியார் வெள்ளிக்கிழமை வருகிறார் என்ற செய்தி எர்மெக்குக்குத் தொலைபேசியில் வந்தபோது, அந்த மாமியார் சீராகக் கொடுத்த மெத்தையின் மேல் ஒளிப்பதிவாளர் தீலெக் குப்புறப் படுத்திருந்தார்.

தூங்குவதற்காக அல்ல. குதிரைக் குளம்புகள் கேமராவை உரசிக்கொண்டு ஓட வேண்டும் என்று இயக்குநர் ஆசைப்பட்டார். அதற்குக் கேமரா தரையில் இருக்க வேண்டும்; கேமராவைப் பிடிக்கிற மனிதரும் தரையில் இருக்க வேண்டும். எங்கள் கிர்கிஸ் நாட்டுக் காஷ்கா-சூ மலையடிவாரத்தில் மார்ச் மாதத் தரை என்பது பாதி பனி, பாதி சேறு, மிச்சமெல்லாம் கூர்க்கல். வெளிநாடுகளில் இதற்கென்றே ஒரு திண்டு விற்கிறார்களாம். கேமராவையும் வைக்கலாம், ஆளும் படுக்கலாம். அதை எங்கள் தயாரிப்பாளரிடம் கேட்டால், வெளிநாடு என்று ஒன்று இருப்பதையே அன்றுதான் கேள்விப்படுகிறவர்போலப் பார்ப்பார். ஆகவே கேமரா உதவியாளர் எர்மெக் தன் வீட்டிலிருந்தே ஒரு மெத்தையைக் கொண்டுவந்து போட்டான். கருஞ்சிவப்பு வெல்வெட், உள்ளே அசல் ஆட்டு ரோமம். மெத்தை நனையாமலிருக்க அடியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. அந்த அளவுக்கு மனசாட்சி இருந்தது.

"அம்மா வெள்ளிக்கிழமை வர்றாங்க," என்றாள் மனைவி புருல்.

"வரட்டுமே. நல்லதுதானே."

"வந்ததும் முதல்ல என்ன செய்வாங்கன்னு தெரியுமில்ல?"

"டீ குடிப்பாங்க."

"எண்ணுவாங்க," என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள்.

கல்யாணத்துக்கு வந்த மெத்தைகளை மடித்து, வாசலுக்கு நேரெதிர்ச் சுவரோரம், மரப்பெட்டியின் மேல் கூரை முட்ட அடுக்கி வைப்பது எங்கள் வழக்கம். அதில் யாரும் படுப்பதில்லை. விருந்தாளி வந்தால் உட்கார ஒன்றிரண்டு கீழே இறங்கும், போனதும் திரும்ப ஏறிவிடும். மற்றபடி அந்த அடுக்கு அங்கே நிற்பது, பெண்ணைப் பெற்றவள் எப்பேர்ப்பட்டவள் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தெரிவிக்கத்தான். பக்கத்து வீட்டு மருமகள் பதினான்கு கொண்டுவந்தாள். புருல் இருபது. எர்மெக்கின் மாமியார் சைரகான் தன் வயதைக்கூட இத்தனை தடவை சொல்லியிருக்க மாட்டார்.

இருபதில் எதை எடுப்பது என்று எர்மெக் யோசித்துத்தான் எடுத்திருந்தான். அடியில் இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று அதைத் தேர்ந்தெடுத்தான். அடியில் இருப்பதை உருவ வேண்டுமானால் மேலே இருக்கிற பத்தொன்பதையும் இறக்க வேண்டும் என்பது, பதினொன்றை இறக்கிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

எர்மெக் கெட்டிக்காரன். பிரச்சினையே அதுதான். கேமரா உதவியாளருக்கு வேண்டிய சாமான்கள் எங்கள் தலைநகர் பிஷ்கெக்கில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் அவற்றின் விலையைக் கேட்க வாயெழாது. அதனால் அவன் எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே உண்டாக்கினான். லென்ஸ் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகிற வண்டி, தன் மகள் வளர்ந்து விட்டுக் கொடுத்த தள்ளுவண்டி. மழைக்குக் கேமராவுக்குப் போடுகிற உறை, புருலின் குளியல் தொப்பிகள் மூன்றை ஒட்டுப்போட்டது. ஃபோகஸ் திருப்புகிற சக்கரத்தில் பிளம் ஜாம் பாட்டிலின் மூடி இருந்தது, வெயில் நாட்களில் லேசாக வாசனையும் வந்தது. முக்காலியின் கால்களை அழுத்திப் பிடிக்க மணல் மூட்டை வேண்டுமென்று புருலின் ஜீன்ஸ் கால்களை வெட்டிக் கல் நிரப்பினான். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ இரண்டு பேர் முக்காலியின் அடியில் மாட்டிக்கொண்டது போலிருக்கும்.

அதையெல்லாம் புருல் பொறுத்துக்கொண்டாள். போன வருடம் அவள் மாவு உருட்டுகிற பலகை அறுபட்டுக் கிளாப் பலகையானதையும் பொறுத்துக்கொண்டாள். பொறுக்காதவர் சைரகான். தொலைக்காட்சிச் செய்தியில் ஒரு படப்பிடிப்பைக் காட்டினார்கள். யாரோ ஒருவன் நடிகரின் மூக்குக்கு முன்னால் பலகையை அடித்தான். பலகை தான் கொடுத்த சீர், அடித்தவன் தன் மாப்பிள்ளை என்று அவர் ஒரே நொடியில் கண்டுபிடித்துவிட்டார். மறுநாளே தன் ஊரான டோக்மோக்கிலிருந்து வண்டி பிடித்து வந்து எர்மெக்கின் கையில் ஒரு ரொட்டியைக் கொடுத்தார். சாப்பிட அல்ல, சத்தியம் செய்ய.

சீராக வந்த ஒரு துரும்புகூட இனிமேல் படப்பிடிப்புக்குப் போகாது. போனால் எர்மெக் சினிமாவை விட்டுவிட்டு, டோக்மோக்கில் சைரகானின் தம்பி மாமத்தின் டயர் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிடுவான். ரொட்டியைப் பிடித்துக்கொண்டு அவன் சொன்னது இவ்வளவுதான். ஆனால் ரொட்டியின் மேல் செய்த சத்தியத்தை மீறுகிறவனை எங்கள் ஊரில் குதிரைத் திருடனுக்கும் கீழாகத்தான் மதிப்பார்கள். குதிரைத் திருடனிடம் குதிரையாவது இருக்கும்.

டயர் கடை கேவலமான தொழில் என்று எர்மெக் நினைக்கவில்லை. ஆனால் முழு வேகத்தில் ஓடிவருகிற குதிரையின் கண்ணை, ஜாம் மூடியைத் திருப்பித் திருப்பி, கடைசிவரை கூர்மையாக வைத்திருக்கத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் நாலு பேர் இருந்தால், அவர்களில் அவன் ஒருவன். அது ஒன்றுதான் அவனிடம் இருந்தது.

சாயங்காலம் மெத்தையை வீட்டுக்குக் கொண்டுபோய் அடியிலேயே சொருகிவிடுவது என்று அவன் முடிவு செய்தான். சுலபமான வழி. அது சுலபமாக நடந்திருந்தால் இந்தக் கதையை நான் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

குளம்புக் காட்சியை மானிட்டரில் போட்டுப் பார்த்த இயக்குநர் கெரிம் திடீரென்று எழுந்து நின்றார். திரையின் ஓரத்தில் கருஞ்சிவப்பாக ஒரு மூலை தெரிந்தது. தொலைந்தது, இனி திட்டு விழும் என்று எர்மெக் தயாரானான். திட்டு விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கெரிம் அந்த மெத்தையைத் தூக்கச் சொன்னார், திருப்பச் சொன்னார், தடவிப் பார்த்தார். அவர் எடுத்துக்கொண்டிருந்த படம், பழைய காலத்தில் தூரதேசத்துக்குக் கட்டிக்கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணின் கதை. கலை இயக்குநர் கூடாரத்துக்குள் கொண்டுவந்து நிரப்பியிருந்த எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

"எல்லாம் நேத்து சந்தையில வாங்கின மூஞ்சியோட இருக்கு," என்றார். "இதப் பாருங்கய்யா. இதப் பாத்தாலே ஒரு தாய் மகளுக்குன்னு குடுத்தது தெரியுது. ஒரு மாசமா நான் தொண்டை கிழியக் கேட்டுக்கிட்டிருந்தது இதைத்தான்."

"பைகே, அது கேமரா சாமான்," என்றான் எர்மெக். எங்கள் ஊரில் பெரியவர்களைப் பைகே என்றுதான் கூப்பிடுவோம், கழுத்தை நெரிக்கத் தோன்றும்போதும்கூட. "செட்டு சாமான் இல்ல."

"இப்ப செட்டு சாமான்."

"வீட்ல தேடுவாங்க பைகே."

"உங்க வீட்ல எத்தனை இருக்கு?"

"இருபது."

"அப்ப பத்தொன்பது மிச்சம் இருக்கே. என் கதாநாயகிகிட்ட ஒண்ணுகூட இல்ல."

அன்று மத்தியானமே கதாநாயகி ஐனாசிக் அந்த மெத்தையின் மேல் உட்கார்ந்து இரண்டு காட்சிகளில் அழுதாள். ஒரு தடவை படத்தில் வந்துவிட்ட பொருள் அந்தக் கூடாரம் வருகிற காட்சிகளிலெல்லாம் வந்தாக வேண்டும். அடுத்த வாரம் புதன்கிழமை வரைக்கும் அந்தக் கூடாரம்தான். வெள்ளிக்கிழமை அதற்கு முன்னாலேயே வந்துவிடும் என்பதைக் காலண்டரில் யாரும் மாற்ற முடியாது.

மறுநாள் மழையால் படப்பிடிப்பு இல்லை. எர்மெக்குக்கு யோசனை வந்தது. கெட்டிக்காரர்களுக்கு வந்துகொண்டே இருக்கும். கேமராவுக்கு வேண்டிய அத்தனையையும் வீட்டுச் சாமானிலிருந்து செய்தவன், வீட்டுக்கு வேண்டிய ஒரு மெத்தையைக் கேமராச் சாமானிலிருந்து செய்ய முடியாதா?

ஓஷ் சந்தையில் கருஞ்சிவப்பு வெல்வெட் வாங்கினான். வீட்டில் வைத்துப் பார்த்தபோது அது கொஞ்சம் தக்காளியாக இருந்தது. கடைக்காரர் துவைத்தால் கருத்துவிடும் என்று சொல்லியிருந்தார், துவைக்க நேரமில்லை. உள்ளே அடைக்க ரோமம் வாங்கினால் அதை அலசி, உலர்த்தி, அடித்துப் பிரிக்க நாலு நாள் ஆகும். ஆகவே லென்ஸ்கள் வருகிற பெட்டிகளில் இருந்த ஸ்பாஞ்சையும், காற்றுக் குமிழி வைத்த பிளாஸ்டிக் தாளையும் அடைத்தான். மூன்று பக்கம் தைத்தான். நாலாவது பக்கத்துக்குப் பொறுமை இல்லாமல் கறுப்புக் கேமரா டேப்பை ஒட்டினான். பார்ப்பதற்கு மெத்தை மாதிரியே இருந்தது, கண்ணைச் சற்றுச் சுருக்கிக்கொண்டு பார்த்தால்.

அதை அடுக்கின் அடியில் வைத்தான். மேலே பத்தொன்பது ஏறியதும் அது அப்பளமாகி, அடுக்கு ஒரு பக்கம் சாய்ந்தது. உச்சியில் வைத்தான். எண்ணெயில் போட்ட போர்சோக் மாவுத்துண்டு மாதிரி உப்பிக்கொண்டு கூரையைத் தொட்டது. கடைசியில் மேலிருந்து நாலாவதாக வைத்துவிட்டு, மூச்சு வாங்க உட்கார்ந்தான்.

புருல் ஒரு பல் மருத்துவமனையில் நர்ஸ். சின்னச் சின்ன மாறுதல்களைக் கண்டுபிடித்துப் பிடுங்குவது அவள் தொழில். உள்ளே வந்தாள், அடுக்கைப் பார்த்தாள், மேலேயிருந்து மூன்றை இறக்கினாள், நாலாவதை விரலால் அழுத்தினாள். அது சரசரத்தது.

"இதுக்குள்ள என்ன இருக்கு?"

"ரோமம் மாதிரி."

"ரோமம் மாதிரின்னா?"

"லென்ஸைப் பாதுகாக்கற பொருள். வெளிநாட்டுச் சரக்கு."

அவள் அதைத் தரையில் விரித்து அதன்மேல் உட்கார்ந்தாள். குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பட்பட்டென்று வெடித்தன. கடைசிக் குமிழி அடங்கும்வரை இருவரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

"அம்மா உட்காரும்போது என்ன சொல்றதா இருக்கீங்க?" என்றாள் புருல். "மெத்தைக்கு வாயுத் தொல்லைன்னா?"

எர்மெக் எல்லாவற்றையும் சொன்னான். குளம்பு, மூலை, கெரிம், ஐனாசிக்கின் கண்ணீர், புதன்கிழமை. புருல் கடைசிவரை கேட்டாள். டோக்மோக்கில் அவனுக்குக் குறை ஒன்றும் இருக்காது, பழைய டயரிலிருந்து இன்னும் என்னென்னவோ செய்யலாம் என்று ஆறுதல் சொன்னாள். அப்புறம் அவள் முகம் மாறியது.

"எனக்கு டோக்மோக் போக வேண்டாம்," என்றாள். "அம்மாவுக்கு அடுத்த தெருவுல குடியிருந்து, தினமும் அவங்க வந்து எண்ணறத என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது. வெள்ளிக்கிழமை காலைல அசல் மெத்தை இந்த வீட்ல இருக்கணும். எப்படின்னு எனக்குத் தெரியாது."

எப்படி என்று எர்மெக்குக்குத் தெரிந்தது. போலி மெத்தையைச் செட்டுக்கும், அசல் மெத்தையை வீட்டுக்கும் மாற்றிவிட வேண்டியதுதான். சினிமாவில் எல்லாமே போலி. குதிரைமேல் போகிற வீரனுக்குக் குதிரையேறத் தெரியாது, கிழவரின் தாடி பசையில் நிற்கிறது. ஒரு மெத்தை போலியாக இருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது?

வியாழக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்றபோது அவன் கூடாரத்துக்குள் புகுந்தான். தள்ளுவண்டியில் குழந்தை மாதிரி போர்த்திக் கொண்டுவந்திருந்த போலியைக் கீழே வைத்தான். அசலை எடுத்து வண்டியில் கிடத்திப் போர்த்தினான். வெளியே வந்தபோது, சமையல்காரி வண்டிக்குள் எட்டிப் பார்க்க வந்தாள். புது லென்ஸ், குளிர் ஆகாது என்று சொன்னான். அவள் பரிதாபப்பட்டு இன்னொரு கம்பளியைப் போர்த்திவிட்டுப் போனாள். அன்று மத்தியானக் காட்சியில் ஐனாசிக் நின்றுகொண்டே அழுதாள், மெத்தையைத் தொடவில்லை. சாயங்காலம் அடுக்கில் இருபதும் அசலாக நின்றன. புருல் அவனுக்குக் கெட்டி நெய் தடவி ரொட்டி கொடுத்தாள். தன்னைப்போல் ஒருவன் இந்த நாட்டிலேயே இல்லை என்று நினைத்துக்கொண்டு எர்மெக் தூங்கினான்.

வெள்ளிக்கிழமை காலை எடுத்த காட்சியில் வசனமே கிடையாது. கல்யாணப் பெண் கூடாரத்தில் தனியாக உட்கார்ந்து, தாய் கொடுத்த மெத்தையை மார்போடு அணைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழ வேண்டும். கெரிம் எல்லோரையும் மூச்சைக்கூட மெதுவாக விடச் சொன்னார். வெளியே குதிரைகளின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். எர்மெக் ஜாம் மூடியில் விரலை வைத்தான்.

ஐனாசிக் அழுதாள். மெத்தையை எடுத்தாள். அணைத்தாள்.

பட்.

ஒலிப்பதிவாளர் காதிலிருந்த கருவியைத் தட்டிப் பார்த்தார். ஐனாசிக் நல்ல நடிகை, நிறுத்தவில்லை. துக்கம் பொங்க இன்னும் இறுக்கி அணைத்தாள். படபடபடவென்று ஒரு வரிசையே போயிற்று. கடைசியில் டேப் பிய்ந்து, நூறு வருடத்துக்கு முந்தைய கிர்கிஸ் மணப்பெண்ணின் மடியில் காற்றுக் குமிழித் தாள் மெல்ல வெளியே வந்து விழுந்தது.

விசாரணை நீளவில்லை. அந்தக் கறுப்பு டேப் இடுப்பில் தொங்குகிற ஆள் அங்கே ஒருவன்தான்.

"இதுவரைக்கும் இவ ரோமத்து மேல அழுதா," என்றார் கெரிம், பயங்கரமான நிதானத்தோடு. "இனிமே பிளாஸ்டிக் மேல அழணுமா? இந்த நிறம் என்ன நிறம்? தக்காளியா?"

எர்மெக் மாமியாரைப் பற்றிச் சொன்னான். ரொட்டியைப் பற்றியும் டயர் கடையைப் பற்றியும் சொன்னான். கெரிம் கண் கலங்கக் கேட்டார். உள்ளபடியே இளகிய மனம் அவருக்கு. அதில் ஒரு நல்ல படம் இருக்கிறது என்று சொன்னார். பிறகு, சாயங்காலத்துக்குள் அசல் மெத்தை வராவிட்டால் எர்மெக் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். அதாவது மெத்தையைக் கொண்டுவந்தால் மாமியார் சினிமாவிலிருந்து அனுப்புவார், கொண்டுவராவிட்டால் கெரிம் அனுப்புவார்.

மறுபடி மெத்தை நடந்து போகாமலிருக்க, எல்லாம் முறைப்படி நடக்கட்டும் என்று நகரத்திலுள்ள ஸ்டுடியோவின் சாமான் கிடங்கிலிருந்து வேரா பெட்ரோவ்னாவை வரவழைத்தார் கெரிம். ருஷ்யக்காரி, அறுபதைத் தாண்டியவர், முப்பத்தோரு வருடமாக அந்தக் கிடங்கைக் காக்கிறவர். அவர் பதிவேட்டில் ஏறிய ஒரு பொருளைச் சாவுகூட ரசீது இல்லாமல் எடுத்துப்போக முடியாது என்று ஸ்டுடியோவில் சொல்வார்கள். அவர் எர்மெக்கின் வீட்டுக்கே வந்து, மெத்தையைப் பார்த்து, ரசீது எழுதிக் கொடுத்து, கையோடு வாங்கிக்கொள்வார் என்று ஏற்பாடு.

போகிற வழியெல்லாம் எர்மெக் மணி பார்த்தான். மாமியார் வருவது நாலு மணிக்கு. இப்போது பன்னிரண்டு. மெத்தையைக் கொடுத்தனுப்பிவிட்டு, ஒன்று சலவைக்குப் போயிருக்கிறது என்று சொல்லிவிடலாம். பூச்சி அரித்தது என்று சொல்லலாம். பக்கத்து வீட்டுக்கு விருந்தாளி வந்தார்கள், இரவல் கொடுத்தோம் என்றுகூடச் சொல்லலாம். இது அவனுக்கே பிடித்திருந்தது.

வீட்டு வாசலில் ஒரு ஜோடி கம்பளிப் பூட்ஸ், மேலே ரப்பர் உறையோடு, மூக்கு இரண்டும் தெருவைப் பார்க்க நின்றது. சைரகானுக்கு விடியற்காலையிலேயே ஒரு வண்டி கிடைத்துவிட்டதாம்.

உள்ளே அவர் முதல் மரியாதைக்குரிய இடத்தில், அதே கருஞ்சிவப்பு மெத்தையின் மேல் அமர்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் புருல், சுடச்சுடப் போர்சோக் தட்டோடு. எட்டு வருடத்தில் முதல் தடவையாக மாமியார் எர்மெக்கைப் பார்த்துச் சிரித்தார்.

"வாங்க மாப்பிள்ளை. மூணு தடவை எண்ணிட்டேன். இருபதும் இருக்கு. நீங்க வாக்குத் தவறாத ஆளுன்னு இப்பத்தான் இவகிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன்."

எர்மெக்குக்கு அழலாம்போல இருந்தது. அதற்குள் வேரா பெட்ரோவ்னா குல்லாவும் மேலங்கியுமாக உள்ளே வந்துவிட்டார். ஏதாவது சொல்லியாக வேண்டும். அவன் வாய் அவனைக் கேட்காமலேயே மாமியாரை அபா, அதாவது அம்மா, என்று கூப்பிட்டுப் பேசியது.

"அபா, இவங்க... நம்ம சீர் மெத்தையப் பத்திக் கேள்விப்பட்டு, பாக்கணும்னு வந்திருக்காங்க."

அது எவ்வளவு பெரிய பிழை என்று அப்போது தெரியவில்லை. சைரகான் மலர்ந்துபோனார். விருந்தாளியை உட்காரவைத்து, டீ ஊற்றச் சொல்லி, ஆரம்பித்தார். இந்தக் காலத்தில் எல்லாரும் கடையில் வாங்கிக் கொடுக்கிறார்கள், தான் அப்படிப்பட்டவள் இல்லை, இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து ஒவ்வொரு தையலும் தன் கையால் போட்டது, ரோமம் தன் அண்ணன் வீட்டு ஆடுகளுடையது, விரல்கள் இன்னும் வலிக்கின்றன. விரல்களை நீட்டியும் காட்டினார். வேரா பெட்ரோவ்னா பொறுமையாகக் கேட்டுவிட்டு, பையிலிருந்து பதிவேட்டை எடுத்தார்.

"நல்லதும்மா. நான் ஸ்டுடியோவிலேர்ந்து வர்றேன். நீங்க உட்கார்ந்திருக்கற இந்தக் கருஞ்சிவப்பு மெத்தை படத்துல ஏற்கெனவே நடிச்சிருக்கு. அடுத்த புதன் வரைக்கும் மறுபடி வேணும். எழுந்திரிக்கறீங்களா?"

சைரகான் எழுந்திருக்கவில்லை. எர்மெக்கின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல், மேலங்கிப் பையிலிருந்து போனை எடுத்துத் தம்பி மாமத்தைக் கூப்பிட்டார். திங்கட்கிழமையிலிருந்து ஓர் ஆள் வருவான், கெட்டிக்காரன், ஆனால் ரொட்டிச் சத்தியத்தை மீறினவன், கல்லாப் பக்கம் மட்டும் விடாதே என்று சொன்னார். புருல் அம்மாவின் கையைப் பிடித்தாள். அவர் உதறிவிட்டார்.

எர்மெக் அவர் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தான். அந்த ஒரு வாரத்தில் முதல் தடவையாக அவனுக்கு எந்த யோசனையும் வரவில்லை.

"அபா, தப்புதான். மறைச்சதும் தப்பு. ஆனா எனக்கு வேற வேலை தெரியாது. தெரிஞ்சாலும் பிடிக்காது. குதிரை ஓடிவரும்போது அதோட கண்ணு என் கையில இருக்கும். அது இல்லாம நான் என்ன செய்வேன்?"

"டயர் மாட்டுவீங்க," என்றார் சைரகான். "நான் பெத்து வளத்து, கண்ணு அவியத் தைச்சுக் குடுத்ததைச் சேத்துல போட்டு உருட்டற தொழில் என் மாப்பிள்ளைக்கு வேண்டாம். சீர் சாமான் சினிமாக்காரங்க கண்ணுல படக்கூடாதுன்னு தலதலயா அடிச்சுக்கிட்டேன். கேட்டீங்களா?"

வேரா பெட்ரோவ்னா இந்தக் குடும்ப விவகாரங்களில் தலையிடவில்லை. அவருக்கு ரசீது எழுத வேண்டியிருந்தது. எத்தனை மெத்தை என்று கேட்டார். இருபது, வேண்டுமானால் எண்ணிப் பாருங்கள், ஒன்று வெளியே போனாலும் பத்தொன்பதுதான், யாருக்குப் பதில் சொல்வது என்று சைரகான் படபடத்தார். வேரா பெட்ரோவ்னா நீளம் கேட்டார், அகலம் கேட்டார், எழுதிக்கொண்டார். பிறகு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஏதாவது அடையாளம் உண்டா என்று பார்ப்பதற்காகக் குனிந்து, சைரகானின் முழங்காலுக்குப் பக்கத்தில் மெத்தையின் ஓரத்தைப் பிடித்தார்.

"அடையாளமெல்லாம் எதுக்கும்மா?" என்றார் சைரகான். குரல் திடீரென்று வெண்ணெயாகிவிட்டது. "எடுத்துட்டுப் போங்க. ஒரு மெத்தைதானே. ரசீதுகூட வேண்டாம். கலைக்குக் குடுத்ததா இருக்கட்டும்."

எர்மெக் தலை தூக்கிப் பார்த்தான். மாமியாரின் வாயிலிருந்து கலை என்ற சொல்லை அவன் கேட்டதேயில்லை. தன் பேச்சுதான் அவரை உருக்கிவிட்டது என்று நினைத்து அவனுக்கு நிஜமாகவே கண்ணீர் வந்தது. சைரகான் அவசரமாக எழுந்து, மெத்தையைத் தானே சுருட்டவும் ஆரம்பித்துவிட்டார்.

வேரா பெட்ரோவ்னா விடவில்லை. ஓரத்தைப் புரட்டி உள்துணியில் மங்கிப்போயிருந்த ஒரு முத்திரை எண்ணைப் படித்தார். எழுந்துபோய் அடுக்கிலிருந்து இன்னொன்றின் ஓரத்தைப் புரட்டினார், பிறகு இன்னொன்று. பதிவேட்டில் பழைய பக்கங்களுக்குப் போய் ஒரு வரியில் விரலை வைத்தார். குல்லாவைக் கழற்றிவிட்டு, கண்ணாடிக்கு மேலாகச் சைரகானைப் பார்த்தார்.

"எட்டு வருஷமா உங்களைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்," என்றார். "பொண்ணு கல்யாணம், ஜனங்க பாத்துட்டுப் போனதும் மூணே நாள்ல திருப்பிடறேன்னு எங்க கிடங்குலேர்ந்து எடுத்துட்டுப் போனீங்களே, அந்த இருபதும் சரியா இருக்குன்னு இப்ப நீங்களே எண்ணிச் சொல்லிட்டீங்க, வண்டியில ஏத்தச் சொல்லவா?"